ஒழுங்காக அழுகாத காடு

நிலக்கரி எப்படி உண்டாயிற்று என்று கேட்டால் எட்டாம் வகுப்புப் பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு ஒப்பிக்கும்: "பல கோடி ஆண்டுகளுக்கு முன் மரங்கள் மண்ணில் புதைந்து, வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் நிலக்கரியாக மாறின." முழு இரண்டு மதிப்பெண். ஆசிரியரும் பேனாவை ஒரு சுழற்றுச் சுழற்றி 'சரி' போட்டுவிட்டு அடுத்த தாளுக்குப் போய்விடுவார்.

ஆனால் அந்தப் பதிலில் யானை நுழைகிற அளவுக்கு ஓட்டை இருக்கிறது. மரம் தினமும்தான் விழுகிறது. போன புயலில் தெருமுனையில் சாய்ந்த தூங்குமூஞ்சி மரம் நிலக்கரியாகப் போகிறதா என்ன? யாரும் அள்ளாமல் விட்டால் முதலில் கரையான் வரும். மழை பெய்தால் காளான் வரும். கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் பந்தி பந்தியாக உட்காரும். சில வருஷத்தில் அங்கே மரம் இருந்ததற்கு அடையாளமே இருக்காது. விழுந்த மரம் மட்கும். அதுதான் உலக வழக்கம். அந்த வழக்கம் தவறிய இடத்தில்தான் நிலக்கரி கிடைக்கிறது. ஆகவே, எப்படிப் புதைந்தது என்று கேட்பதைவிட ஏன் அழுகவில்லை என்று கேட்பதே முறை. விடை ரொம்பச் சாதாரணமானது: தண்ணீர் வடியவில்லை. புவியியல் புத்தகங்கள் நானூறு பக்கத்தில் சொல்வதெல்லாம் வடிகால் வசதி இல்லாத ஒரு காட்டின் கதைதான்.

கதை நடந்தது இன்றைக்கு 35.9 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கி 29.9 கோடி ஆண்டுகளுக்கு முன் முடிந்த கார்பானிஃபெரஸ் காலத்தில். இந்தப் பெயரை 1822-இல் சூட்டியவர்கள் வில்லியம் கோனிபியர், வில்லியம் ஃபிலிப்ஸ் என்ற இரண்டு ஆங்கிலேயர்கள். ஒருவர் பாதிரியார், மற்றவர் அச்சகமும் புத்தகக் கடையும் வைத்திருந்தவர். அந்த ஆறு கோடி வருஷத்தில் பூமியில் எத்தனையோ நடந்திருக்கிறது. பூச்சிகளுக்கு இறக்கை முளைத்தது அப்போதுதான். தண்ணீரை விட்டு வெளியே வந்து நிலத்தில் முட்டையிடப் பிராணிகள் கற்றுக்கொண்டதும் அப்போதுதான். கனவான்கள் அதையெல்லாம் பொருட்படுத்தவில்லை. தங்கள் ஊர் நீராவி இயந்திரத்துக்கு எது தீனியோ அந்த நிலக்கரியின் பெயரை ஒரு யுகத்துக்கே வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

அன்றைக்கு இங்கிலாந்து இருந்த இடம் நிலநடுக்கோடு. இன்று கொஞ்சம் வெயில் அடித்தால் பூங்காவில் போய்ப் படுத்துக்கொள்ளும் லண்டன்வாசியின் பூமி, அன்று வருஷம் முழுக்கப் புழுக்கத்தில் வெந்துகொண்டிருந்தது. வேல்ஸ், ஜெர்மனியின் ரூர், உக்ரைனின் டான்பாஸ், அமெரிக்காவின் பென்சில்வேனியா எல்லாம் அந்த நிலநடுக்கோட்டுச் சதுப்பு வரிசையில் அடக்கம். கண்டங்கள் ஒன்றோடொன்று முட்டி மலைகளை எழுப்பிக்கொண்டிருந்தன. மலைக்கு அடிவாரத்தில் நிலம் அமிழ்ந்து பள்ளமாகும். பள்ளத்தில் தண்ணீர் தேங்கும். புகார் கொடுக்க ஆள் கிடையாது.

அந்தத் தண்ணீரில் வளர்ந்த மரங்களில் பெரியவர் லெபிடோடெண்ட்ரான். முப்பது மீட்டருக்கு மேல் உயரம். அதாவது பத்து மாடி. ஆனால் உள்ளே வைரம் பாய்ந்த கட்டையெல்லாம் இல்லை. தண்டில் பெரும்பகுதி பட்டைதான். அடியிலிருந்து உச்சிவரை கிளையே விடாது. உச்சியில் மட்டும் ஒரு கொத்து. வாழ்நாளில் ஒரே ஒரு முறை வித்துவிட்டு உடனே செத்துப்போகும் ரகம். இலை உதிர்ந்த தழும்புகள் தண்டு முழுக்க வைர வடிவில் செதில் செதிலாக இருக்கும். அந்தப் பட்டைக் கல்லைத் திருவிழாக்களில் வைத்து, 'ராட்சதப் பாம்பின் தோல்' என்று காட்டிக் காசு பார்த்த புண்ணியவான்களும் மேல்நாட்டில் இருந்திருக்கிறார்கள்.

படித்தவர்கள் செய்த குழப்பம் அதைவிடப் பெரிது. ஒருவருக்கு வேர் கிடைத்தது. ஸ்டிக்மேரியா என்று பெயர் வைத்தார். இன்னொருவருக்குத் தண்டு கிடைத்தது, அது லெபிடோடெண்ட்ரான். கூம்பு கிடைத்தபோது லெபிடோஸ்ட்ரோபஸ். இலைக்கு வேறொரு பெயர். ரேஷன் அட்டையில் ஒரு பெயர், வாக்காளர் அட்டையில் ஒரு பெயர், பள்ளிச் சான்றிதழில் இன்னொரு பெயர் என்று அலைகிற நம் ஊர் ஆளைப் போல, ஒரே மரம் நான்கு பெயரில் அருங்காட்சியகங்களில் உட்கார்ந்திருந்தது. எல்லாம் ஒரே ஆசாமிதான் என்று தெரிந்த பிறகும் பெயரை ரத்து செய்யவில்லை. இன்றுவரை அந்த நான்கும் செல்லுபடியாகின்றன.

இவ்வளவு பெரிய குடும்பத்தின் வாரிசுகள் இன்று எப்படி இருக்கிறார்கள் என்று பார்க்க ஆசையிருந்தால் மேற்குத் தொடர்ச்சி மலையில் ஈரமான பாறை இடுக்குகளைப் பார்க்கலாம். செலாஜினெல்லா என்று ஒரு செடி, சாண் உயரத்துக்குள் பாசி மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும். அதில் ஒரு வகையைக் காயவைத்து, 'சஞ்சீவி மூலிகை' என்று வடக்கே விற்கிறார்கள். தாத்தா பத்து மாடி. பேரன் மூலிகைக் கடையில் பொட்டலம்.

காட்டுக்குள் இன்னொரு சுற்று. பூ கிடையாது. புல் கிடையாது. பறவை கிடையாது. டைனோசர் கிடையாது. டைனோசர் செத்து நிலக்கரி ஆனது என்று இன்னமும் நம்புகிறவர்கள் கவனிக்க: டைனோசர் பிறப்பதற்குள் இந்தக் காடு வாழ்ந்து, செத்து, புதைந்து, கல்லாகியே விட்டது. அதிகம் இருந்தவை பூச்சிகளும் பூச்சி மாதிரியானவையும். ஆர்த்ரோப்ளூரா என்று ஒரு மரவட்டை. நீளம் இரண்டு மீட்டருக்கு மேல். கால் பட்டால் சுருண்டுகொள்ளும் நம்முடைய மரவட்டையை மனதில் வைத்துக்கொண்டு கணக்குப் போடாதீர்கள். அது சுருண்டால் நீங்கள் உள்ளே இருப்பீர்கள். மெகனியூரா என்று தட்டானின் உறவுக்காரர். இறக்கையை விரித்தால் சுமார் 70 சென்டிமீட்டர். பிரான்சில் கோமந்த்ரி என்ற ஊரின் நிலக்கரிச் சுரங்கத்தில் கிடைத்த இதை 1885-இல் சார்ல் ப்ரோங்னியார் விவரித்து எழுதினார். கண்டம் கண்டமாகத் தண்ணீர் தேங்கியும் ஒரே ஒரு நல்ல விஷயம் உண்டு: கொசு இல்லை. கொசு தோன்றுவதற்கு இன்னும் பல கோடி வருஷம் இருந்தது. இயற்கை அந்த ஒரு விஷயத்தில் நமக்காகக் காத்திருந்தது.

மரம் செத்து, தண்ணீரில் விழுகிறது. ஓடுகிற தண்ணீராக இருந்தால் பிராணவாயு கலந்திருக்கும். கிருமிகள் வேலையை முடித்துவிடும். இதுவோ தேங்கிய தண்ணீர். மேலே கொஞ்சம் அழுகியதுமே இருந்த பிராணவாயு தீர்ந்துபோகிறது. கீழே வேலை செய்ய ஆளில்லை. அழுகல் வேலை அரைகுறையாக நின்றுவிட, தண்ணீர் புளித்து அமிலமாகி, வந்த ஓரிரு கிருமிகளையும் விரட்டுகிறது. அடுத்த மரம் அதன்மேல் விழுகிறது. அதற்கும் அதே கதி. இப்படி அரைவேக்காடாகச் சேர்ந்த பழுப்பு நிறச் சொதசொதப்புக்குப் பெயர் பீட். கையில் எடுத்துப் பிழிந்தால் தேநீர் நிறத்தில் தண்ணீர் சொட்டும். இலையும் வேரும் நார் நாராகக் கண்ணுக்கே தெரியும். வருஷத்துக்கு ஒரு மில்லிமீட்டர் சேர்ந்தால் நல்ல விளைச்சல். ஒரு மீட்டர் நிலக்கரிக்குப் பல மீட்டர் பீட் வேண்டும். ஆயிரக்கணக்கான வருஷம் ஒருவரும் வாய்க்கால் வெட்டிவிடாமல் இருக்க வேண்டும்.

அதோடும் முடியவில்லை. பீட் சேரச் சேர நிலம் அதே வேகத்தில் கீழே இறங்க வேண்டும். நிலம் அவசரப்பட்டால் காடு ஏரியாகிவிடும். நிலம் சோம்பினால் பீட் தண்ணீருக்கு மேலே தலைதூக்கி, காற்றுப் பட்டு ஒழுங்காக அழுகிவிடும். இரண்டு மந்தமான விஷயங்கள் ஒன்றுக்கொன்று சரியாக ஒத்துப்போனால்தான் நிலக்கரி. பூமியில் நிலக்கரி எல்லா இடத்திலும் இல்லாததற்குக் காரணம் இதுதான்.

இந்த இடத்தில் நம்முடைய பங்களிப்பைப் பதிவு செய்வது கடமை. அந்தக் காலத்தில் இந்தியா, அண்டார்டிகா, ஆஸ்திரேலியா, ஆப்பிரிக்கா, தென் அமெரிக்கா எல்லாம் ஒட்டிக்கொண்டு கோண்டுவானா என்ற ஒரே கூட்டுக் குடும்பமாகத் தெற்கே கிடந்தன. தலைக்கு மேல் பனி. அந்தப் பனி கூடினால் கடல் மட்டம் இறங்கும், குறைந்தால் ஏறும். நம் பக்கத்துப் பனி உருகியபோதெல்லாம் அங்கே நிலநடுக்கோட்டில் இங்கிலாந்துக் காடு மூழ்கியது. மேலே கடல் சேறு படிந்து மூடும். மறுபடி பனி கூடி, கடல் பின்வாங்கி, காடு முளைக்கும். மறுபடி நாம் உருகுவோம். சேறு, நிலக்கரி, சேறு, நிலக்கரி என்று ஒன்றன்மேல் ஒன்றாக அங்கே அடுக்குகள் கிடப்பதற்கு இது முக்கியக் காரணம். அவர்கள் கப்பலேறி இங்கே வருவதற்கு முப்பது கோடி வருஷம் முன்பே நாம் அவர்கள் காட்டைத் திரும்பத் திரும்ப மூழ்கடித்திருக்கிறோம். அந்த உதவியால் உண்டான நிலக்கரியை எரித்துத்தான் பிற்பாடு இங்கே நீராவிக் கப்பல் ஓட்டினார்கள் என்பது வேறு விஷயம்.

காட்டின் மேலும் தப்பு உண்டு. மரம் காற்றிலிருந்து கரியை எடுத்து வளர்கிறது. அழுகும்போது திருப்பிக் கொடுக்க வேண்டும். இந்தக் காடு வாங்கியதைத் திருப்பித் தரவேயில்லை. கரியமிலவாயு குறைந்தது. பூமி குளிர்ந்தது. பனி இன்னும் கூடியது. மறுபக்கம் பிராணவாயு ஏறிக்கொண்டே போய், இன்றைய 21 சதவீதத்தைத் தாண்டி 30-ஐத் தொட்டிருக்கும் என்கிறார்கள். அந்தக் காற்றில் ஈர மரமும் பற்றிக்கொள்ளும். அன்றைய காட்டுத் தீயின் அடுப்புக்கரித் துண்டுகள் நிலக்கரிக்குள்ளேயே கிடைக்கின்றன. கடைசியில் 30.5 கோடி ஆண்டுகளுக்கு முன்பு தட்பவெப்பம் வறண்டு, அந்த மழைக்காடு பல இடங்களில் துண்டு துண்டாகிச் சரிந்தது. தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்வது என்பதை எழுத்துக்கு எழுத்து நிறைவேற்றிய காடு அது ஒன்றுதான்.

காடு அழுகாததற்கு வேறொரு விளக்கமும் நெடுநாள் சந்தையில் ஓடியது, இன்னமும் ஓடுகிறது. மரத்தின் கெட்டிப் பொருளான லிக்னினைத் தின்னத் தெரிந்த காளான் அப்போது பிறக்கவேயில்லை, அதனால்தான் காடு அழுகாமல் கிடந்தது என்பது அது. 2012-இல் காளான் மரபணுக்களை ஆராய்ந்தவர்கள் அந்தக் காளான்கள் கார்பானிஃபெரஸ் முடிகிற சமயத்தில்தான் வந்திருக்கும் என்றதும் கதைக்கு மவுசு கூடிவிட்டது. 2016-இல் வேறொரு குழு இதைப் போட்டு உடைத்தது. அந்தக் காட்டின் பெரும்பகுதி பட்டை; அதில் லிக்னின் அவ்வளவு இல்லை. காளான் வந்து வயிறு முட்டத் தின்ன ஆரம்பித்த பிறகும் நிலக்கரி உண்டாகியிருக்கிறது. இதற்கு ஆதாரம் தேடி வெளியூர் போக வேண்டாம், வெகு பிற்காலத்து நெய்வேலிப் பழுப்பு நிலக்கரிக்குள்ளே காளான் வித்துகளே படிமமாகக் கிடக்கின்றன. சமையல்காரர் சமையலறைக்குள்ளேயே இருந்தும் சமையல் நடக்கவில்லை என்றால் அடுப்பில்தான் கோளாறு. என் தீர்ப்பு வடிகால் பக்கம்.

மரம் நின்ற இடத்திலேயே நிலக்கரி ஆனது என்பதைக் கண்டுபிடிக்கவே 1840 ஆயிற்று. அதற்கு முன்னால் ஆறு அடித்து வந்த கட்டை, கடல் ஒதுக்கிய கட்டை, நோவா காலத்து வெள்ளம் கொண்டுவந்து கொட்டிய கட்டை என்று ஆளுக்கொரு கதை. வில்லியம் லோகன் என்பவர் வேல்ஸில் சொந்தக்காரரின் செம்பு உருக்காலையைக் கவனித்துக்கொள்ளப் போனவர். உலைக்கு நிலக்கரி வேண்டும் என்று சுரங்கம் சுரங்கமாக அலைந்தவர், ஒன்றைக் கவனித்தார். எந்த அடுக்கைப் பார்த்தாலும் அதற்கு அடியில் ஒரு களிமண் படுகை. அந்தக் களிமண்ணுக்குள் நான்கு பக்கமும் பரவிய ஸ்டிக்மேரியா வேர்கள். வேர் இருந்தால் மரம் அங்கேதான் நின்றது. முடிந்தது வழக்கு. சுரங்கத் தொழிலாளிகள் தலைமுறை தலைமுறையாக அந்தக் களிமண்ணில்தான் முழங்கால் போட்டு வேலை செய்தார்கள். அவர்களை யாரும் கேட்கவில்லை.

புதைந்த பிறகு என்ன நடக்கிறது? ஆழம் போகப்போகச் சூடு ஏறுகிறது. முதலில் தண்ணீர் பிழியப்படுகிறது. பிறகு பிராணவாயுவும் ஹைட்ரஜனும் கரியமிலவாயுவாக, மீத்தேனாகக் கழன்று வெளியேறுகின்றன. மிஞ்சுவது கரி. பீட் பழுப்பு நிலக்கரியாகும். அது பிட்டுமினஸ் ஆகும். அதற்கும் மேலே போனால் பளபளவென்று ஆந்த்ரசைட். வெளியேறாமல் இடுக்கில் தங்கிய மீத்தேன்தான் சுரங்கத்தில் வெடித்து ஆளைக் கொல்வது.

இதில் வயதுக்கு மரியாதை கிடையாது. மாஸ்கோவுக்குப் பக்கத்தில் கிடக்கும் நிலக்கரிக்கு வயது 33 கோடி இருக்கும். நியாயமாகப் பார்த்தால் எப்போதோ ஆந்த்ரசைட் ஆகியிருக்க வேண்டும். இன்னமும் பழுப்பு நிலக்கரிதான். சேர்ந்த பதவியிலேயே ஓய்வு. "ஐயா, நான் எல்லோருக்கும் மூத்தவன்" என்று அது மனுப் போட்டால், "வயதைக் கேட்கவில்லை பெரியவரே, எவ்வளவு ஆழம் போனீர்கள் என்று சொல்லுங்கள்" என்றுதான் பதில் வரும். ஆழமாகப் புதையவேயில்லை, சூடு படவேயில்லை. கிழக்குப் பென்சில்வேனியாவின் நிலக்கரி அதைவிட இளையது. மலை எழும்பியபோது நடுவில் அகப்பட்டு மடிந்து நசுங்கி வெந்தது, ஆந்த்ரசைட் ஆகிவிட்டது. இன்னும் அழுத்தினால் வைரமாகிவிடும் என்று தன்னம்பிக்கைப் பேச்சாளர்கள் மேடைதோறும் சொல்வதை நம்ப வேண்டாம். வைரங்களில் பெரும்பாலானவை பூமியில் முதல் மரம் முளைப்பதற்கு முன்பே உண்டாகிவிட்டவை. நிலக்கரியை அழுத்தினால் அதிகபட்சம் பென்சிலுக்கு ஆகும் கிராஃபைட் கிடைக்கும்.

இங்கிலாந்துக் காடு முடிந்த சமயத்தில்தான் நம் பனி விலகத் தொடங்கியது. ஜாரியா, ராணிகஞ்ச், சிங்ரௌலி, தால்சேர் என்று இன்று நாம் தோண்டுவதெல்லாம் அடுத்து வந்த பெர்மியன் காலத்துச் சரக்கு. மரமும் வேறு: குளோசாப்டெரிஸ். நாக்கு மாதிரி இலை. குளிர் வந்தால் மொத்தமாக உதிர்த்துவிடும். இந்தியாவில் பனிப்பாறை இருந்தது என்று 1856-இல் பிளான்ஃபோர்டு சகோதரர்கள் தால்சேரில் கிடந்த உருண்டைப் பாறைகளை வைத்துச் சொன்னபோது, ஒடிசா வெயிலில் நின்றுகொண்டு அதை எத்தனை பேரால் நம்பியிருக்க முடியும்? ஆனால் அது உண்மைதான். நாம் ஒட்டிக்கிடந்ததற்கு அண்டார்டிகாவிலும் ஒரு சாட்சி உண்டு. 1912-இல் தென்துருவத்திலிருந்து திரும்பும் வழியில் ராபர்ட் ஸ்காட் குழு செத்துப்போனது. அடுத்த உணவுக் கிடங்குக்கு 18 கிலோமீட்டர்தான் பாக்கி. உடல்களோடு சறுக்குவண்டியில் சுமார் 16 கிலோ கல் இருந்தது. நடக்கவே முடியாத நிலையிலும் அவர்கள் இழுத்து வந்த அந்தக் கல்லில் இருந்தது நம் ஜாரியாவின் அதே குளோசாப்டெரிஸ் இலை. கூட்டுக் குடும்பத்துக்குப் பத்திரமே கிடைத்துவிட்டது.

நம் நிலக்கரிக்கு ஒரு குணம் உண்டு. ஆறுகள் பள்ளத்தாக்குகளில் மணலையும் சேற்றையும் கொண்டுவந்து பீட்டோடு தாராளமாகக் கலந்துவிட்டன. எரித்தால் 30 முதல் 45 சதவீதம்வரை சாம்பல். தால்சேர் நிலக்கரி பாரதீப் துறைமுகத்தில் கப்பலேறித் தமிழ்நாட்டு அனல் மின் நிலையங்களுக்கு வருகிறதே, அதில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் பெர்மியன் காலத்து ஆற்று மண். அந்த மண்ணுக்கும் சேர்த்துத்தான் கப்பல் கூலி.

பெர்மியன் முடிந்த விதம் தனிக்கதை. 25.2 கோடி ஆண்டுகளுக்கு முன் சைபீரியாவில் எரிமலைக் குழம்பு பொங்கி, துங்குஸ்கா நிலக்கரிப் படுகைகளுக்குள் புகுந்து எரித்தது. நிலக்கரியை மொத்தமாக எரித்துக் காற்றைக் கெடுத்ததில் முதல் ஆள் நாமில்லை என்று ஒரு ஆறுதல். கடல்வாழ் இனங்களில் பத்தில் எட்டுக்கு மேல் அழிந்தன. சதுப்புக்காடுகள் ஒழிந்துபோய், அதன்பின் சுமார் ஒரு கோடி வருஷத்துக்கு உலகத்தில் எங்கேயும் நிலக்கரியே உண்டாகவில்லை.

நெய்வேலி ரொம்பப் பிந்தையவர்; வயது சில கோடிதான். பூக்கும் மரங்கள் வந்துவிட்ட காலம். 1930-களில் ஜம்புலிங்க முதலியார் என்பவர் தம் நிலத்தில் கிணறு தோண்டியபோது தண்ணீரோடு கறுப்பாக ஏதோ வந்தது. 1956-இல் அதைத் தோண்ட ஒரு நிறுவனம் பதிவாயிற்று. 1957 மே 20-இல் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். தோண்டினால் அடியில் ஊற்று பீறிட்டு நிற்கிறது. இரவு பகலாகத் தண்ணீரை இறைத்தால்தான் கரியில் கைவைக்க முடியும். வெட்டியெடுத்த கரியிலும் ஏறக்குறைய பாதி எடை தண்ணீர். வடிகால் பிரச்சினையால் பிறந்த பொருள், இத்தனை கோடி வருஷம் கழித்தும் வடிகால் பிரச்சினையோடுதான் வெளியே வருகிறது.

நிலக்கரிக்கு அடிபோடும் வேலை இப்போதும் சில இடங்களில் நடக்கிறது. சுமத்ரா, போர்னியோ, காங்கோ சதுப்புகளில் பீட் சேர்ந்துகொண்டிருக்கிறது. இந்தோனேசியாவில் பாமாயில் தோட்டத்துக்காகக் கால்வாய் வெட்டித் தண்ணீரை வடித்தார்கள். காய்ந்த பீட் 2015-இல் பற்றி எரிந்து, சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் பள்ளிக்கூடத்துக்கே விடுமுறை விடவேண்டி வந்தது. நம்மிடமும் கொஞ்சம் இருக்கிறது. நீலகிரியில் சாண்டிநல்லா சதுப்பின் அடிமட்டப் பீட்டுக்கு வயது சுமார் 40,000 ஆண்டு. பழைய பருவமழைகளின் கணக்கை ஆராய்ச்சியாளர்கள் அதிலிருந்துதான் படிக்கிறார்கள். ஊட்டிப் பக்கம் இடம் வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு விண்ணப்பம்: புல் மூடிய பள்ளத்தில் கால் பொதபொதவென்று இறங்கி, தண்ணீர் தேநீர் நிறத்தில் ஊறினால், லாரி மண் கொட்டி மேடாக்கி விடாதீர்கள். வாய்க்காலும் வெட்ட வேண்டாம். அதை அப்படியே கிடக்க விட்டுவிட்டு, வீட்டுக்கு மேட்டில் வேறு இடம் பாருங்கள்.